பீட்ரூட்டுதான்னு சொன்னேன்

டீச்சர், உங்க கைப்பையில பேனா இருக்குமா? டீச்சர்தானே நீங்க? நேத்தே பாத்தேன், இதே பெஞ்சியில உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க. ஒரு மனு எழுதணும். எனக்கும் எழுதப் படிக்கத் தெரியும், பத்தாவது முடிச்சவதான். ஆனா ஒன்பது நாளா கை ஒரு நெலையில இல்ல. முந்தாநாள் டாக்டரம்மா ஒரு தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன், என் பேரு எனக்கே வாசிக்க முடியல.

பேப்பர் இருக்கு, இந்தாங்க. என் மக நோட்டுல கிழிச்சது. பின்னாடி என்னமோ பொது அறிவுக் கேள்வி எழுதி வச்சிருக்கா. முன்பக்கம் காலிதான்.

உங்களுக்கு உள்ள யாரு? வீட்டுக்காரரா? எத்தனை வருசமா இந்த டயாலிசிஸ் மிஷின்ல ஓடுது? நாலு வருசமா! ஏயப்பா. அப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், நான் வெளக்க வேண்டியதில்ல. என் மக அந்தா அந்தக் கதவுக்கு உள்ள, மூணாவது கட்டில். நேத்து மிஷின்ல போட்டாங்க, இன்னைக்கு ஓய்வு. ரவுண்ட்ஸ் முடியுற வரைக்கும் வெளிய இருன்னு நர்ஸு தொரத்தி விட்டுருச்சு. அதுக்குள்ள எழுதிரலாம்.

யாருக்கு எழுதணும்னு கேக்குறீங்களா? கலெக்டருக்கா, எஸ்.பி.க்கா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மேல கொஞ்சம் எடம் விட்டுருங்க. மொதல்ல விசயத்த எழுதுவோம். அந்த ஒச்சப்பன் இனிமே ஒரு பிள்ளைக்கும் விசில் ஊதக் கூடாது. அதுதான் விசயம்.

எழுதுங்க. முத்துராக்கு, கணவர் பெயர் தவசி. அவரு மில்லு வேலை. என் தொழிலை ஜூஸ் கடைன்னு மொட்டையா எழுதாதீங்க, மூலிகை ஜூஸ் கடைன்னு எழுதுங்க. எங்க ஊரு நகராட்சி மைதானத்துக்கு மேற்கு வாசல்ல என் வண்டி நிக்கும். பதினோரு வருசமா அதே எடம். காலையில அஞ்சரைக்கெல்லாம் வாக்கிங் கூட்டம் வந்துரும். தொப்பைய உருட்டிக்கிட்டு நாலு சுத்து சுத்துவாங்க, அஞ்சாவது சுத்துக்கு என் வண்டிக்கிட்ட வந்து நின்னுருவாங்க. அருகம்புல், வாழைத்தண்டு, கேரட்டு, முருங்கைக்கீரை சூப்பு, முடக்கத்தான் சூப்பு, தக்காளி, எளநி, எல்லாம் உண்டு. ஆனா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது பீட்ரூட்டுதான்.

அதுக்குக் காரணம் அருளப்பன் சாரு. காலேஜுல கெமிஸ்ட்ரி புரபசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருதான் ஒருநாள் டம்ளர கையில வச்சுக்கிட்டுச் சொன்னாரு, "முத்துராக்கு, நீ விக்கிறது வெறும் ஜூஸ் இல்லம்மா, ஆன்டிஆக்ஸிடன்ட்டு"ன்னு. அந்தப் பேரு என் வாயில நொழையவே ஒரு வாரம் ஆச்சு. விசயம் என்னன்னா, மனுசன் மூச்சு முட்ட ஓடுறான், வெயிட்டு தூக்குறான். அப்ப உள்ள போற காத்து அதிகமா எரியுது. எரியையில கழிவு மாதிரி ஒண்ணு தெறிக்குதாம். இரும்பு மழையில கெடந்தா துருப்பிடிக்கும்ல, அது மாதிரி தசைக்குள்ள துரு. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸுன்னு பேரு. பீட்ரூட்டு, கேரட்டு, தண்டுக்கீரை, செவப்பு முட்டைக்கோசு, இப்படிக் கலரா இருக்கிற காயெல்லாம் அந்தத் துருவ மல்லுக்கட்டி நிறுத்துதாம். கேட்ட அன்னைக்கே போர்டு எழுதச் சொல்லிட்டேன். "உடம்புக்குள் துருவா? பீட்ரூட் குடிங்க!" பக்கத்துலயே ஒரு ஆளு ஓடுற மாதிரி படம்.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு. அளவா ஓடினா உடம்பு தன்னால பழகிக்கிரும், அளவு மிஞ்சிப்போச்சுன்னா எந்தக் காயும் காப்பாத்தாதுன்னு. அதையெல்லாம் எழுத போர்டுல எடமில்ல டீச்சர்.

இந்தக் கடையில ஒரே ஒரு தொந்தரவு. புதுசாக் குடிக்கிறவங்க மறுநாள் காலையில மூஞ்சி செத்துப்போய் வந்து நிப்பாங்க. ஒரு பேங்க் மேனேஜரு, ஆறடி ஆளு, மீசைய முறுக்கி விட்டிருப்பாரு, என்னைய ஓரமாக் கூப்பிட்டு, "அம்மா, ரத்தமாப் போகுதும்மா, உயில் எழுதிரட்டுமா"ன்னாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "சார், அது ரத்தமில்ல, பீட்ரூட்டு. உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்சச் சாயம் எறங்குது. ரெண்டு நாள் குடிக்காம இருந்து பாருங்க, தெளிஞ்சுரும்"னேன். தெளிஞ்சுருச்சு. பதினோரு வருசத்துல எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்! வாரத்துக்கு ரெண்டு பேருன்னு வச்சாக்கூட எம்புட்டு ஆச்சு. ஒருத்தருக்காச்சும் பொய்யாப் போச்சா? போகல டீச்சர். ஒருத்தருக்குக் கூடப் பொய்யாப் போகல.

சரி, மக விசயத்துக்கு வாரேன். சுகப்பிரியா. ஒரே மக, இருபத்திரெண்டு வயசு. போலீஸ் வேலைன்னா அவளுக்கு உசுரு. ரோட்டுல ஒரு பொம்பளை போலீஸ் போனாப் போதும், அந்தம்மா தலை மறையுற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பா. போன வருசம் எழுத்துப் பரீட்சை பாஸ், ஓட்டத்துல போச்சு. நானூறு மீட்டர், ரெண்டே செகண்டு. ரெண்டு செகண்டுல்லாம் ஒரு நேரமா டீச்சர்? கொட்டாவி விடுற நேரம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து தலைகாணிய வாயில வச்சுக்கிட்டு அழுதா. நான் அப்பவே சபதம் எடுத்தேன், அடுத்த தடவை என் பிள்ளைய எந்தத் துருவும் அண்டக் கூடாதுன்னு.

இந்த வருசம் மறுபடி எழுதினா. அஞ்சு மாசம் லைப்ரரி நாற்காலியே கதின்னு கெடந்தா. ஓட்டமில்ல, ஆட்டமில்ல. ரிசல்ட்டு வந்துச்சு, பாஸு. உடல்தகுதித் தேர்வுக்கு இருபத்திரெண்டு நாள்தான் இருக்குன்னுட்டாங்க. அப்பத்தான் இந்த ஒச்சப்பன்கிட்டச் சேத்து விட்டது. பட்டாளத்துல இருந்து வந்தவன். அவன் இவன்னு பேசக் கூடாதுதான், என்னைய வாய் நெறைய அக்கான்னுதான் கூப்பிடுவான். எங்க மைதானத்துலயே பயிற்சி குடுக்கிறான். அவன்கிட்டப் படிச்ச பிள்ளைக இருபது முப்பது பேரு இன்னைக்குக் காக்கிச்சட்டை போட்டு நிக்குதுக, அதையும் இல்லைன்னு சொல்ல முடியாது. அதை எழுதாதீங்க.

எழுத வேண்டியது இது. அவன்கிட்ட ஒரு பட்டாளத்துச் சட்டம் உண்டு. விசில் ஊதுனதுக்கப்புறம் வந்தா, லேட்டான ஒவ்வொரு நிமிசத்துக்கும் நூறு உக்கி. உக்கார்ந்து எந்திரிக்கிறது, தெரியும்ல? நீங்களும் பள்ளிக்கூடத்துல போடச் சொல்லுவீங்க, ஆனா பத்து, இருபது. இவன் நூறு நூறா எண்ணுறவன். நான் சொல்லுற அந்தத் திங்கக்கிழமை, பயிற்சிக்குப் போக ஆரம்பிச்சு மூணாவது நாளு, என் மக லேட்டு. மூணு நிமிசம்.

ஏன் லேட்டா? அது வந்து, அவ என் வண்டிகிட்டத்தான் நின்னா. கையில டம்ளரு. அவன் விசில் ஊதுறான். "அம்மா, போறேம்மா"ங்குறா. "முழுசாக் குடிச்சுட்டுப் போடி, வெறும் வயித்துல ஓடினா இன்னும்ல துருப்பிடிக்கும்"னேன். கடைசி மடக்கு எறங்குற வரைக்கும் கையப் பிடிச்சுக்கிட்டேன். எந்தத் தாயா இருந்தாலும் அதைத்தானே செய்வா? "சிறிது தாமதமாக"ன்னு எழுதுங்க, போதும்.

முந்நூறு உக்கி. அது முடிஞ்சு, எல்லாப் பிள்ளைகளோடயும் சேந்து தவளைச் சாட்டம், குத்தவச்சுத் தாவித் தாவி மைதானத்துக்கு இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும். நான் வண்டியில இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நூத்தம்பது தாண்டினதும் கால் வெடவெடன்னு ஆடுது. எரநூறுல ஒரு தடவை கையத் தரையில ஊனிட்டா. ஏன் போயி நிறுத்தலைன்னு கேக்காதீங்க. ஆளு நிக்கிற நேரம், மிக்ஸி ஓடுது. அதோட, பொய் சொல்லுவானேன், பெருமையாவும் இருந்துச்சு. கூட லேட்டா வந்த ரெண்டு பிள்ளைக அப்படியே உக்காந்துருச்சுக, இவ முந்நூறையும் போட்டு எந்திரிச்சா. வண்டிகிட்ட நின்னவங்ககிட்ட, "பாத்தீங்களா, பீட்ரூட்டு ஒடம்பு"ன்னு சொன்னேன். சொன்ன வாயில மண்ணு விழ.

மறுநாள் தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிருச்சு. கக்கூஸ்ல உக்கார முடியல, சொவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. புதுசா ஓடினா வலிக்கத்தானே செய்யும்? தைலம் தேச்சு விட்டேன். மெடிக்கல்ல வலிக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தேன். துரு ரொம்ப ஏறிருச்சுன்னு பீட்ரூட்ட ரெட்டிப்பாக்குனேன். ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளரு, மேல ஒரு கிண்ணம் கீரைத்தண்ணி. அவளும் மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சா. நான் குடுத்தா எதையும் வேணாம்னு சொல்லாத பிள்ளை.

எப்ப சொன்னாளா? என்ன எப்ப சொன்னா? ஒண்ணுக்குக் கலரு மாறினதையா? அதைத்தான் டாக்டரம்மாவும் கேட்டாங்க. வெள்ளிக்கிழமை சொன்னா. வெள்ளிக்கிழமை ஒண்ணுக்கே நின்னுபோச்சு, வாந்தி வந்துச்சு, மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. உள்ளூர் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, அந்த டாக்டரு என்கிட்டக் கூடப் பேசல, நேரா ஆம்புலன்ஸுக்குத்தான் போன் போட்டாரு. "வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குத் தெரிய வந்தது"ன்னு எழுதுங்க.

எழுதிட்டீங்களா?

ஏன் என்னைய அப்படிப் பாக்குறீங்க?

இங்க வந்ததும் டாக்டரம்மா தாள்ல படம் போட்டு வெளங்க வச்சாங்க. சின்னப் பொண்ணுதான், என் மகளவிட ஏழெட்டு வயசு கூட இருந்தா அதிகம். பழக்கமில்லாத உடம்ப ஒரேயடியாப் போட்டு வாட்டவும் தொடைத்தசை உள்ளுக்குள்ள உடைஞ்சுபோச்சாம். உடைஞ்ச தசையில இருந்து செவப்பா ஒரு சத்து ரத்தத்துல கலந்து, கிட்னியில போயி, சாக்கடையில மண்ணு அடைச்ச மாதிரி அடைச்சுருச்சாம். அந்தச் செவப்புத்தான் ஒண்ணுக்குல வந்தது. வலி மாத்திரை வேற எரியுற வீட்டுல எண்ணெய ஊத்தின மாதிரி ஆயிருச்சு. "கலர் மாறின அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏத்தியே கழுவி விட்டுருப்போமேம்மா"ன்னாங்க. வெறும் குளுக்கோஸு! எங்க தெருவுல காய்ச்சலுக்கு ஏத்துறது. "பீட்ரூட் ரோஸா இருக்கும், இது கட்டங்காப்பி மாதிரி இருந்திருக்கும், வித்தியாசம் தெரியலையா"ன்னு கேட்டாங்க.

எனக்கா தெரியாது டீச்சர்? பதினோரு வருசமா பீட்ரூட்டுச் சாயத்துலதானே என் கை கெடக்குது. இந்தா பாருங்க, நகத்து இடுக்குல இன்னும் போகல. காமிச்சா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?

காமிச்சா.

சரி, கொஞ்சம் பேனாவ மூடுங்க. இதை எழுத வேணாம், சும்மா கேளுங்க. புதன்கிழமை காலையில நொண்டிக்கிட்டே வண்டிக்குப் பின்னாடி வந்து நின்னா. காதுகிட்ட வந்து, "அம்மா, ஒண்ணுக்கு கறுப்பாப் போகுதும்மா"ன்னா. சுத்தி ஆளு நிக்கிது. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சத்தமாச் சிரிச்சேன். "கேட்டீங்களா சார், ஜூஸ் கடைக்காரி மகளே பயப்படுறா"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அந்தப் பேங்க் மேனேஜர் இருந்தாரு, அவருதான் ரொம்பச் சிரிச்சாரு. என் மக மூஞ்சி சுண்டிப்போச்சு. "பீட்ரூட்டுதான்டி, ரெண்டு டம்ளரு குடிக்கிறேல்ல, அதான் கெட்டியா வருது, ஓடு"ன்னேன். சரிம்மான்னு போயிட்டா.

அன்னைக்கே பத்து மணிக்கு ஒச்சப்பன் வந்தான். "அக்கா, பிள்ளை நடையே சரியில்ல, நான் உக்கார வச்சுட்டேன். பட்டாளத்துல ஒரு பயலுக்கு இப்படி ஆயிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா"ன்னான். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. என் மகளப் பத்தி எனக்கு இவன் சொல்றதா? "தம்பி, ஓட்டத்த நீ பாரு, உடம்ப நான் பாத்துக்கிறேன். உனக்கு விசில் ஊதத் தெரியும், எனக்குக் காய் தெரியும்"னேன். அவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். சாயங்காலம் போன் வேற போட்டான். நான் எடுக்கல.

அதெல்லாம் இருக்கட்டும், முந்நூறு உக்கி போடச் சொன்னவன் அவன்தானே? அது பொய்யில்லையே? தப்பு அவன் மேல இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க. இருக்குல்ல? அதைத்தான் எழுதச் சொல்றேன்.

வியாழக்கிழமை ஒண்ணு நடந்துச்சு. அதை என் வீட்டுக்காரர்கிட்டக் கூடச் சொல்லல. காலையில நான் பீட்ரூட்டு சீவிக்கிட்டு இருக்கேன். அவ ஒரு பழைய பாட்டில்ல அதைப் பிடிச்சு, மேல துண்டைச் சுத்தி, அடுப்படி வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டா. "அம்மா, ஒரே ஒரு தடவை பாரும்மா"ங்குறா. அடுப்படியில இதென்ன அசிங்கம்னு எனக்குக் கோவம். "கொட்டுடி அதை மொதல்ல"ன்னு கத்தினேன். தலையத் தூக்கவே இல்ல டீச்சர் நான். சீவுறதுலயே இருந்தேன். அவ கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் போயிட்டா. தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு.

பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாத கலரா?

இப்ப என்ன நெலமைன்னு உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக்காரம்மா, அதான் அந்தக் கண்ணாடி போட்ட டயட்டீசியன், ஒரு தாளு குடுத்தாங்க, குடுக்கக் கூடாத காயெல்லாம் எழுதி. வாங்கிப் பாக்குறேன். பீட்ரூட்டு, கீரை, முருங்கை, தக்காளி, வாழைத்தண்டு, எளநி. என் கடை போர்டு அப்படியே இருக்குது டீச்சர். ஒண்ணு விடல. அதுல இருக்கிற பொட்டாசியம் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல நின்னா நெஞ்சே நின்னுருமாம். பதினோரு வருசமா ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்த கையி, என் பிள்ளைக்கு மட்டும் குடுத்தா வெசம்.

மத்த காயையும் சும்மா ஆக்கக் கூடாதாம். பொடிசா நறுக்கி, நெறைய தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, சக்கையத்தான் குடுக்கணும். நாத்தனா வீடு பக்கத்துலதான், அங்க போயி ஆக்கிக் கொண்டாறேன். ரெண்டு கேரட்டு வேக வச்ச தண்ணி ஆரஞ்சா நிக்குது. அதைச் சாக்கடையில ஊத்துறதுக்குக் கை வர மாட்டேங்குது. மக்ககிட்ட எல்லாம், வேக வச்ச தண்ணியக் கொட்டாதீங்க, சத்தெல்லாம் அதுலதான் இருக்குன்னு சொன்னவ நான். ஊத்திட்டு, சட்டியப் பாத்துக்கிட்டே நின்னேன். நாத்தனா வந்து தோளத் தொட்டப்பத்தான் நான் அழுறதே எனக்குத் தெரியுது.

தண்ணியும் அளந்துதான். ஒரு நாளைக்கு அரை லிட்டரு. தாகம்னு கேட்டா டம்ளருல கால்வாசி. அவ கேக்குறதே இல்ல. உதட்ட நாக்கால நனைச்சுக்கிட்டுச் சும்மா படுத்துருக்கா. தேர்வு வர்ற வியாழக்கிழமை. காலையில மெல்லக் கேக்குறா, "அம்மா, தேதிய தள்ளி வைக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலாமா"ன்னு. ஒருத்தர்கிட்ட எழுதச் சொல்லியிருக்கேன்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒச்சப்பன் தினம் வாரான். உள்ள வர மாட்டான், ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில நிப்பான். மொத நாள் எளநி வாங்கிட்டு வந்தான், நான் தட்டி விட்டேன், உருண்டு போச்சு. எங்க வீட்டுக்காரரு வாயில்லாப் பூச்சி, அவரே அவன் சட்டையப் பிடிச்சு உலுக்கிட்டாரு. "என் பிள்ளைய ஏன்டா கொன்னே, முடியலைன்னு தெரிஞ்சப்பவாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல"ன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். ஒச்சப்பன் என்னைய ஒரு பார்வை பாத்தான். சொல்லிருவான்னே நெனச்சேன். சொல்லல டீச்சர். "தப்புதான்ணே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

என் மகளும் சொல்லல. டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு கேக்குறாங்க, கலர் எப்ப மாறுச்சு, அம்மாகிட்ட எப்ப சொன்னேன்னு. நான் முந்திக்கிட்டு, "வெள்ளிக்கிழமைதான் சொன்னா"ன்னுட்டேன். வாயி தன்னால சொல்லிருச்சு. டாக்டரம்மா அவளத் திரும்பிப் பாத்தாங்க. கழுத்துல குழாய் மாட்டியிருக்கு, தலையக் கூட அசைக்க முடியாது. "ஆமா டாக்டர், எனக்கு வெக்கமா இருந்துச்சு, நான்தான் சொல்லல"ன்னா. சொல்லிட்டு, போர்வைக்குள்ள இருந்து என் கையத் தேடிப் பிடிச்சா. என் கைய அவ பிடிக்கிறா டீச்சர். நான் பிடிக்கணும், அவ பிடிக்கிறா. நான் என்ன செய்ய? போயி டாக்டரம்மாகிட்ட இப்ப உண்மையச் சொன்னா கிட்னி தொறந்துக்குமா? சொல்லுங்க. தொறந்துக்கும்னா இப்பவே ஓடிப்போயிச் சொல்றேன், காலுல விழுந்து சொல்றேன்.

நிறுத்திட்டீங்களா? ஏன், மை தீந்துருச்சா?

எனக்கு வெளங்குது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தப் பேப்பர மடிச்சு உங்க பையிலயே வச்சுக்கங்க. கலெக்டருக்கு ஆயிரம் சோலி இருக்கும்.

டாக்டரம்மா ஒண்ணு மட்டும் சொல்லியிருக்காங்க. வயசு சின்னது, பெரும்பாலும் திரும்பிரும், ஒண்ணுக்கு வர ஆரம்பிச்சா நல்ல சேதின்னு நெனச்சுக்கங்கன்னாங்க. ஒன்பது நாளா ஒரு சொட்டு இல்ல. கட்டிலுக்கு அடியில அளவு ஜாடி வச்சிருக்காங்க. ஆளாளுக்கு நவக்கிரகம் சுத்துறாங்க, நேர்த்திக்கடன் நேர்றாங்க. நான் எதுக்கு வேண்டிக்கிறேன் பாத்தீங்களா? என் பிள்ளை ஒண்ணுக்குப் போகணும் சாமி. வெளிய சொன்னா சிரிப்பாங்க. பரவால்ல, சிரிக்கட்டும்.

அந்தா கதவு தொறக்குது. அந்த நர்ஸுதான். யாரைக் கூப்பிடுது? மூணாம் நம்பர்தானே சொல்லுச்சு? மூணுன்னுதானே உங்களுக்கும் கேட்டுச்சு?

வாரேன்மா, வாரேன்... என்ன? என்ன சொல்றீங்க? எம்புட்டு? அறுபது மில்லியா? தானாவா? ஐயோ தாயே. டீச்சர், கேட்டீங்களா, அறுபது மில்லி! ... கலரா? எந்தக் கலரு? நான் வந்து பாக்கணுமா? ஏன்மா, நீங்க பாத்தா போதாதா? டாக்டரம்மா வர்ற வரைக்கும் கொட்டக் கூடாதா, சரி. அவதான் அம்மா பாக்கட்டும்னாளா? அவளா சொன்னா?

டீச்சர், கையக் கொஞ்சம் குடுங்க.

நீங்களும் கூட வாங்க. நர்ஸு ஒண்ணும் சொல்லாது, நான் சொல்லிக்கிறேன். நான் பாக்குறேன், இந்தத் தடவை கண்ணெடுக்காமப் பாக்குறேன், அதுக்குப் பயந்து கூப்பிடல. ஆனா அது என்ன கலர்னு அவகிட்ட நீங்க சொல்லுங்க டீச்சர். நான் சொல்ல மாட்டேன். நான் எதைச் சொன்னாலும் அவ நம்பிருவா.